எப்படி வலித்தது என்று கேட்டவள்

போன வாரம் நம் பள்ளிக்கூட க்ரூப்பில் ஒருவன் ஆறாம் வகுப்பு போட்டோவைப் போட்டிருந்தான். இரண்டாவது வரிசையின் கோடியில், தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். ‘அப்பவே என்னா ஸ்டைலு பாரு’ என்று யாரோ எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். நானும் ஒரு பொம்மை போட்டேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அது ஸ்டைல் இல்லை. தலையை நேராக வைத்தால் போட்டோ எடுக்கிறவர் இரண்டு பேராகத் தெரிந்தார். சாய்த்தால் ஒருவரானார். என் பின்மண்டைக்குள் அப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அந்தப் போட்டோ எடுத்த நாளில் அதைச் சந்தேகப்பட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் டாக்டர் இல்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள்.

நமக்கெல்லாம் நாற்பது நெருங்குகிறது. சுகர், முதுகுவலி என்று நீங்களும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால் இனி என் கதையையும் சொல்லலாம். பொங்கல் லீவுக்குப் பிறகு நான் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வருஷம் மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தேன். டைபாய்டு என்று மிஸ் உங்களிடம் சொன்னாராம். நடுவில் நடந்தது இதுதான்.

ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்போது பாதி மனைகள் காலி. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து, விடியும்போது வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து சிங்கம் கத்துவது கேட்கும். கர்ஜனை மாதிரி இருக்காது. காலி டிரம்மைத் தரையில் இழுப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்துக்குக் கண் விழித்தால் தலைவலியும் விழித்திருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி. வாந்தி எடுத்து முடித்த அரை மணியில் எல்லாம் வடிந்துவிடும். எட்டு மணிக்கு இட்லி கேட்பேன்.

இதுதான் என் கெட்ட நேரம். ஸ்கூல் வேன் வரும்போது வாந்தி, போனதும் சரியாகிவிடுகிறது என்றால் அதை யார் நம்புவார்கள்?

“ட்ராமா பண்றா,” என்றாள் அம்மா.

“எக்ஸாம் பயம்,” என்றார் அப்பா. அவர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிற மனிதர். வீட்டில் எதையும் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

அம்மா சாயங்காலம் டியூஷன் எடுப்பாள். அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். தெருவில் கல்யாணம் என்றால் பத்திரிகை உறைகளில் பெயர் எழுத அவளிடம்தான் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவளின் மகள் எழுதும் எழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கி, நண்டு ஊர்ந்தது போல ஆனது. டியூஷன் பிள்ளைகள் முன்னால் அது அவளுக்கு அவமானம். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை எழுத வைப்பாள். எழுத எழுத இன்னும் கோணும். மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பாள்.

“வேணும்னே பண்றியாடி? பொய், எல்லாம் பொய்.”

வேண்டுமென்று செய்யவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? கை நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அதைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது.

நடையும் கெட்டது. காலை அகட்டி வைத்தால்தான் நிற்க முடிந்தது. உங்களில் ஒருவன் எனக்குத் ‘தண்ணி லாரி’ என்று பெயர் வைத்தான். யாரென்று எனக்குத் தெரியும், க்ரூப்பில்தான் இருக்கிறான். கோபம் இல்லை, பொருத்தமான பெயர்தான். மண் ரோட்டுப் பள்ளங்களில் அந்த லாரிகள் அப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடி, தண்ணீர் சிந்திக்கொண்டு வரும்.

தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். பழுப்பு பிரேம். அதைப் போட்டுக்கொண்டு நான் கொஞ்சம் தெளிவாகத் தள்ளாடினேன்.

மீன்காரம்மா கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் பஸ் பிடித்து வருவாள். புதனும் ஞாயிறும். தலையில் அலுமினிய அன்னக்கூடை. புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் அவளைப் பார்க்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நான்தான் பாத்திரம் பிடிப்பேன். கேட்டருகே உட்கார்ந்து சங்கராவைச் செதில் எடுத்து, வாலைப் பிடித்து என் முன்னால் ஆட்டுவாள். நான் லபக்கென்று பிடித்துப் பாத்திரத்தில் போட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டு அது.

ஒரு ஞாயிறு என் கை மீனைத் தாண்டிப் போனது.

“இன்னா பாப்பா, மீனு இங்க கீது, கைய எங்க வுடுற?”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி ஆட்டினாள். மறுபடி காற்றைப் பிடித்தேன். மூன்றாவது தடவை அவள் சிரிக்கவில்லை. மீனைக் கீழே வைத்துவிட்டாள்.

“எயுந்து அந்த மரத்தாண்ட போய்ட்டு வா.”

போய்விட்டு வந்தேன்.

“இன்னொரு தபா.”

அதையும் செய்தேன். என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “காலைல வாந்தி எடுக்குறியா?”

அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தலையாட்டினேன். கத்தியைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அடுத்த வீட்டு வாசலில் கூவாமலே தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்ததும் முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். கை பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தது.

“யம்மா, தப்பா நென்ச்சுக்காத. பாப்பா நடக்குறது சரியில்ல. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. தலய படம் புடிச்சுப் பாக்கச் சொல்லு.”

“கண்ணுல பவர் கம்மி. கண்ணாடி போட்டிருக்கோம், சரியாயிடும்.”

“கண்ணாடில போறது இல்லமா இது. தலக்குள்ள இன்னாவோ கீது.”

அம்மாவின் முகம் மாறியது. “காலங்கார்த்தால வீட்டு வாசல்ல உக்காந்து என்ன பேச்சு பேசறீங்க? டாக்டரா நீங்க?”

“டாக்டரு இல்லமா. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்? உனக்கு என்ன தெரியும்?”

‘நீங்க’ போய் ‘உனக்கு’ வந்ததை நான் கவனித்தேன். மீன்காரம்மாவும் கவனித்திருப்பாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“வோணாம்மா. நா சொன்னத மட்டும் செய்.”

“எழுந்திரு. குழந்தையைக் கண்ணு வெச்சதும் இல்லாம சாபம் வேற கொடுக்கிறியா? இனிமே இந்தத் தெருப் பக்கம் வராதே.”

அவள் போனபின் பாதி வெட்டிய சங்கரா எங்கள் தட்டில் கிடந்தது. அம்மா அதைப் பக்கத்துக் காலி மனையில் கொட்டினாள். காக்கைகள் வந்து இழுத்தன. சாயங்காலம் எனக்குச் சுற்றிப் போட்டாள். உப்பும் மிளகாயும் நெருப்பில் வெடித்தும் நெடி ஏறவில்லை. எவ்வளவு கண் பட்டிருக்கிறது பார் என்று அம்மா அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, “இன்னிக்கு மீன் வாங்கலயா?” என்று கேட்டார்.

“நல்லா இல்ல, வாங்கல,” என்றாள் அம்மா.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டவள், ஒன்றும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி என்றால் ஊசி. அம்மா அவளை விரட்டியது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன்பிறகு இரண்டு மாதம் போனது. போட்டோ எடுத்தது அந்த இரண்டு மாதத்துக்குள்தான். அரையாண்டுப் பரீட்சையில் தமிழில் ஃபெயில் ஆனேன். விடை தெரியாமல் இல்லை. என் எழுத்தை மிஸ்ஸால் படிக்க முடியவில்லை.

பொங்கலுக்குத் துணி எடுக்கத் தாம்பரத்துக்குக் கிளம்பினோம். அப்பாவும் வந்தார். ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கும்போது எனக்கு முன்னால் இரண்டு படிக்கட்டுகள் தெரிந்தன. இல்லாத படிக்கட்டில் கால் வைத்தேன். பதினாலு படி உருண்டேன் என்று அப்பா பிறகு சொன்னார். எலும்பு முறியவில்லை, கண்ணாடிதான் உடைந்தது. அதை மாற்றத்தான் ஒரு கண் கிளினிக்குக்குப் போனோம். அன்றைக்கு அந்தப் பழுப்பு பிரேம் உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். மறு கண்ணையும் பார்த்துவிட்டு, மறுபடி முதல் கண்ணுக்கே வந்தார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. லைட்டை அணைத்தார்.

“அப்பா மட்டும் கொஞ்சம் உள்ள வாங்க.”

அன்று துணி எடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்தோம். மறுநாள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், விளக்கெரியும் பலகையில் என் தலையின் படங்களைச் செருகினார்கள். பெரிய டாக்டர் பேனாவால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கேட்டார்: “எத்தனை நாளா இப்படி நடக்கிறா?”

“ஒரு மாசம் இருக்கும் சார்,” என்றார் அப்பா.

அம்மா அதைத் திருத்தவில்லை.

“கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்,” என்றார் டாக்டர். திட்டாமல், எழுதிக்கொண்டே, சாதாரணமாக.

ஆபரேஷனுக்கு முன்னால் என் இரட்டைப் பின்னலை அப்படியே வெட்டி எடுத்தார்கள். ரிப்பனோடு அதைத் தாங்களேன் என்று அம்மா கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அதை அப்புறம் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. வீடு மாறியபோதுகூடத் தேடினேன்.

கட்டி கெட்ட சாதி இல்லை, முழுதாக எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். முதல் நாள் தண்ணீர் கேட்டேனாம். இரண்டாம் நாளிலிருந்து என் பேச்சு நின்றுவிட்டது. பேச வேண்டும் என்று தோன்றும். வார்த்தைகூட நாக்குக்குப் பின்னால் வந்து நிற்கும். வாய் அதை எடுத்துக்கொள்ளாது. சிலருக்கு இப்படி ஆகும், தானாகத் திரும்பி வரும் என்றார்கள். ஐந்து வாரம் வரவில்லை.

பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, நான் இனி எதற்கும் உதவமாட்டேன் என்பது போலப் பேசினார்கள். எனக்குத் தம்பியோ தங்கையோ இல்லாததற்கு வருத்தப்பட்டார்கள். நான் விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

ஒரு மத்தியானம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். என் கால்மாட்டில் நின்றுதான் சொன்னாள்.

“அந்த மீன்காரம்மா ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னாங்க. தலைக்குள்ள ஏதோ இருக்கு, படம் எடுன்னு. நான்தான் திட்டித் துரத்திட்டேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன். இவளை ஸ்கேலால அடிச்சேன். தினம் அடிச்சேன்.”

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மாவுக்கு நல்லதாக இருந்திருக்கும். கையிலிருந்த பிளாஸ்கை மெதுவாகக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வெளியே போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். அதன்பிறகு பல மாதம் அவர்கள் இருவரும் மாத்திரை, சாப்பாடு, பஸ் நேரம் தவிர வேறெதுவும் பேசி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, டியூஷன் நேரத்தில்தான் பேச்சு திரும்பியது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்றான். “தப்...பு,” என்றேன். அம்மா சாக்பீஸைக் கீழே போட்டாள். ஆனால் பழைய பேச்சு வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, கல்லைத் தாண்டித் தாண்டி நடப்பது போலத்தான் வந்தது. இப்போது நான் மெதுவாகப் பேசுவதைப் பொறுமை என்று பாராட்டுகிறீர்களே, அதன் மிச்சம்தான் அது.

ஞாயிறுகளில் அம்மா கேட்டருகே நிற்க ஆரம்பித்தாள். வேறு மீன்காரிகள் வந்தார்கள். அவர்களிடம் விசாரித்துக் குப்பத்தின் பெயரைத் தெரிந்துகொண்டாள். வெயில் காலத்தில் ஒரு நாள் என் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறினாள். அப்பா வரவில்லை.

மணலில் எனக்கு நடக்க வரவில்லை. அம்மா பாதித் தூரம் தூக்கிக்கொண்டு போனாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மீன்காரம்மா காக்கையை விரட்ட ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பொயச்சிக்கினியா,” என்றாள்.

“என்னை மன்னிச்சிடுங்க,” என்று அம்மா ஆரம்பித்தாள். “நீங்க அன்னிக்கே சொன்னீங்க...”

“வுடுமா. வெய்யில்ல நிக்காத, உள்ள வா.”

உள்ளே சுவரில் ஒரு பையன் படம், பிளாஸ்டிக் மாலையோடு. எட்டு வயதிருக்கும். நாங்கள் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“எம் புள்ள. இவள மாரியேதான் நடப்பான், குட்ச்சவன் கணக்கா. குப்பமே சிரிச்சிது. நானும் சிரிச்சேன். காலைல வாந்தி எடுப்பான். கோயிலுக்கு இட்டுகினு போனோம், மந்திரிச்சோம். பெரியாஸ்பத்திரில படம் புடிச்சு சொல்லும்போது எல்லாம் முடிஞ்சி போச்சு.”

“அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே,” என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தாள்.

“உன் வாசல்ல குந்திக்கினு, உசுரோட கீற புள்ளய வெச்சிக்கினு, செத்த புள்ள பேச்ச எப்டிமா எடுக்குறது?”

எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். யாரோ ஒரு பெண் தூக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். டீ குடித்து முடித்தபின் மீன்காரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவள் கையில் கருவாட்டு வாசம்.

“பாப்பா, ஒண்ணு கேக்குறேன். சொல்றியா? அந்த வலி எப்டிமா இருந்திச்சு? அவன் சின்னப் புள்ள, சொல்லத் தெரில. ‘யம்மா தல, யம்மா தல’ன்னுவான், அவ்ளோதான்.”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எத்தனை நாளாக, எந்த இடத்தில் என்றுதான் டாக்டர்கள் கேட்டார்கள். வலிக்குதா, நிஜமாவா என்று அம்மா கேட்டிருக்கிறாள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொன்னேன். என் புது வாயால், ஒவ்வொரு எழுத்தாக. தலைக்குள் தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகுகிற மாதிரி. கழுத்துக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி. இருமினால் கண்ணுக்குள் வெள்ளையாக வெடிக்கும். தலையணை தரை மாதிரி இருக்கும். வலி வருவதற்கு முன்னாலேயே வரப்போகிறது என்று தெரியும், அதுதான் ரொம்பப் பயம்.

“போதும், விடு,” என்றாள் அம்மா.

“சொல்லட்டும்மா,” என்றாள் அவள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை முழுதாக வர எனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். அந்த வருஷம் முழுக்கப் பொய் பொய் என்று கேட்டுச் சலித்த பிள்ளை நான். சொல்வதையெல்லாம் நம்புகிற ஒருத்தி கிடைத்துவிட்டாள். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எல்லாம் முடிந்தபின் அவள் கடைசியாக ஒன்று கேட்டாள்.

“அந்த நேரத்துல அம்மா பக்கத்துல இருந்தா தேவலன்னு இருந்திச்சா?”

“இல்...ல,” என்றேன். “அம்...மா வந்...தா திட்...டுவாங்க. வரக்...கூடா...துன்னு இருந்...துச்சு.”

அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன்காரம்மா தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்கிறவள் போல.

“நா கிட்டப் போனா அவன் கண்ண மூடிக்குவான்,” என்றாள். “தூங்குறான்னு நென்ச்சேன்.”

கிளம்பும்போது எங்கள் தெருவுக்கு மறுபடி வரச் சொல்லி அம்மா கேட்டாள். “வரேம்மா,” என்றாள். வரவில்லை.

பதினொரு வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. வலிக்கவே இல்லை, அம்மாவைத்தான் தேடினேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், என் அம்மாவுக்கும் இருந்திருக்கும். இன்றைக்கும் சில நாள், வேலைக்கு நடுவே, அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லிப் பார்ப்பதுண்டு.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாள். கேளம்பாக்கம் தாண்டியது. பிறகு, “இப்ப வலிக்குதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். வண்டலூருக்குள் இன்னும் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

அன்று கேட்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். “தலைவலி ஒண்ணும் இல்லையே?” என்பாள்.

“இல்லம்மா, நல்லா தூங்கினேன்,” என்பேன். வலிக்கிற நாளிலும் அதையேதான் சொல்கிறேன்.